எரிபொருள் குழாய்க்கு நம் பட்டறையில் குரோம் போட முடியுமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் சின்னதாக குரோம் பிளேட்டிங் பட்டறை நடத்துகிறேன். அணு உலை எரிபொருள் குழாய்க்கு குரோமியம் பூசினால் விபத்தைத் தாங்கும் என்கிறான் வேலூரில் பொறியியல் படிக்கும் என் மகன். நாங்கள் போடும் அதே குரோம்தானா? இந்த வேலையை நாங்களும் எடுக்கலாமா? குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊர் எங்களுடையது. அதனால் பயமாகவும் இருக்கிறது.

பதில்: உலோகம் அதேதான். ஆனால் உங்கள் தொட்டியில் போட முடியாது.

யுரேனிய வில்லைகளை அடைக்கும் அந்தக் குழாய் சிர்கோனியக் கலவையால் ஆனது. உலையில் அணுப் பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரானை அதிகம் விழுங்காது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவரின் கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். குளிர்நீர் நின்று சூடு 1200 டிகிரி செல்சியஸை நெருங்கினால், சிர்கோனியம் நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். அந்த வினையே வெப்பம் தருவதால் சூடு இன்னும் ஏறும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்களின் மேற்பகுதியைப் பெயர்த்தது இப்படி வந்த ஹைட்ரஜன்தான்.

மேலே குரோமியம் இருந்தால் நீராவி முதலில் அதைத்தான் தொடும். அது அடர்த்தியான ஆக்சைடு படலமாகி, உள்ளே இருப்பதைக் காக்கும். 10 முதல் 20 மைக்ரான் போதும், அதிகம் கூடாது. ‘ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்’ என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும். நீராவிக்குப் பூச்சு இருக்க வேண்டும், நியூட்ரானுக்கு இருக்கக் கூடாது. அணுவுக்கு அணு பார்த்தால் குரோமியம் சிர்கோனியத்தைவிடச் சுமார் 16 மடங்கு நியூட்ரானை விழுங்கும்.

சரி, தொட்டியில் ஏன் முடியாது? ஹார்டு குரோம் போட்ட தண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். வற்றிய ஏரி மாதிரி மயிரிழை வெடிப்புகள் தெரியும். பிஸ்டன் தண்டுக்கு அது நல்லது, எண்ணெய் தங்கும். எரிபொருள் குழாயிலோ நீராவிக்கு வழி விடும். அப்புறம், கரண்ட் கொடுத்ததும் சரக்கின் மேல் நுரைத்து எழும் குமிழிகளைத் தினமும் பார்க்கிறீர்கள். அது ஹைட்ரஜன். சிர்கோனியம் அதை உறிஞ்சினால் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

அதனால்தான் வெற்றிட அறையில் குரோமிய உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். உலோகத்தூளை வேகமான வாயுவோடு பீய்ச்சி ஒட்டவைக்கும் முறையும் உண்டு. உங்கள் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் ஊர்த் தண்ணீரைக் கெடுத்தது ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவம். உங்கள் தொட்டியின் குரோமிக் அமிலத்திலும் அதுதான் இருக்கிறது. வெற்றிட முறையில் அந்த அமிலமும் கிடையாது, அலசிய தண்ணீரும் கிடையாது. நீங்கள் பயப்பட வேண்டியது உலைக்குள் போகும் குரோமியத்தை அல்ல, பட்டறையிலிருந்து வெளியேறும் அலசிய தண்ணீரைத்தான். தயவுசெய்து அதில் கவனக்குறைவு வேண்டாம்.

மகன் சொன்னதில் ஒரு திருத்தம். பூச்சு விபத்தைத் தடுக்காது, அவகாசம் வாங்கித் தரும். 1330 டிகிரி வாக்கில் குரோமியமும் சிர்கோனியமும் சேர்ந்து உருகத் தொடங்கிவிடும். அதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். அந்த அவகாசமே பெரிய விஷயம் என்பது என் கருத்து. 2019-லேயே அமெரிக்காவின் வோக்டில் உலையில் குரோமியம் பூசிய குழாய்களைச் சோதனைக்கு ஏற்றிவிட்டார்கள்.

வேலை எடுப்பதைப் பற்றி: நம் நாட்டில் எரிபொருள் தயாரிப்பது முக்கியமாக அணுசக்தித் துறையின் ஐதராபாத் வளாகம். இது பட்டறைகளுக்குக் கூலிக்கு வரும் சரக்கு அல்ல. இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆனால் உங்களிடமுள்ள பொன்னிறப் பூச்சுப் போட்ட டிரில் பிட்டை எடுத்துப் பாருங்கள். அந்த டைட்டானியம் நைட்ரைடு பூச்சும் வெற்றிட அறையில் போட்டதுதான். கருவிகளுக்கு அப்படிப் பூசுவது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். மெஷின் விலை விசாரிக்கும் முன், நீங்கள் குரோம் போட்ட தண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து, நாலு பக்கமும் பூச்சின் கனம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மகனைக் கல்லூரி லேபில் அளந்துவரச் சொல்லுங்கள்.