தட்டில் சோறு குறைவது யாரால்?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஆறு மாதமாகச் சோற்றைத் தொடுவதில்லை, காலையில் கறுப்புத் தேநீர், இரவில் இரண்டு பிஸ்கட். ஓயாமல் ரீல்ஸ் பார்ப்பதே காரணம் என்கிறேன் நான். வரன் பார்க்கும் நேரத்தில் சற்று மெலிந்தால் நல்லதுதானே என்கிறார் என் மாமியார். கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்.

பதில்: பிடுங்குவதற்கு முன் உங்கள் கடிதத்தின் மூன்றாவது வாக்கியத்தை மறுபடி படித்துவிடுங்கள், அம்மா.

கைபேசிக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். பிஜித் தீவுகளில் வழிவழியாகப் பருத்த உடலே அழகு. 'இளைத்துவிட்டாயே' என்பது, நம் பாட்டிமார் சொல்வதைப் போலவே, கவலையோடு சொல்லப்படும் சொல். அங்கே ஒரு மாகாணத்துக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அது வந்த புதிதில் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் விசாரித்தபோது, எடை குறைய வேண்டுமென்று உண்டதை வாந்தியெடுப்பதாகச் சொன்ன மாணவி ஒருத்திகூட இல்லை. 1998-இல் 100க்கு 11 பேர் அப்படிச் சொன்னார்கள்.

தஞ்சைக் கலைக்கூடத்துப் பார்வதிக்கும் கொடியிடைதான். ஆனால் அந்தச் செப்புத் திருமேனியைப் பார்த்துவிட்டு வந்து எவளும் சோற்றைத் தள்ளி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஏனெனில் அது தெய்வம்; கைபேசியில் வருகிறவளோ, ஒளியும் ஃபில்டரும் செதுக்கிய இடையோடு, 'நானும் உன்னைப்போல் ஒருத்திதான்' என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். குறுவையும் சம்பாவும் விளைகிற மண்ணில் சோறு 'கார்ப்' என்ற பெயரில் பகையானது இப்படித்தான். 'பத்தே நாளில் ஒட்டிய வயிறு' என்று எங்கள் இதழும் ஒருமுறை அட்டையில் அச்சிட்டது; அந்த இதழ் வழக்கத்தைவிடக் கூடுதலாக விற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் திரையில் கண்ட அளவு உண்மையான அளவுதான் என்று அந்தப் பெண்ணுக்கு உறுதிசெய்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் 'என்னடி, வெயிட் போட்டுட்டே?' என்று கேட்கும் அத்தைக்கு இணையக் கணக்கே இருக்காது. மாமியாரின் சொல்லுக்கு நீங்கள் மறுப்புச் சொன்னதாகவும் கடிதத்தில் இல்லை.

மெலிவு இருக்கட்டும், அவளுடைய இரத்தத்தைச் சோதித்தீர்களா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆறு மாதமாக இப்படி இருப்பவளை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, சாப்பிட்ட உடனே குளியலறைக் கதவு தாழிடப்பட்டாலோ அதையும் அவரிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் 'ஊர் என்ன சொல்லும்' என்று தயங்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

கைபேசி அவளிடமே இருக்கட்டும். ஜாதகத்தோடு அனுப்பும் புகைப்படத்தில் இடுப்பைக் கொஞ்சம் குறைத்து, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரும்படி ஸ்டுடியோக்காரரிடம் சொல்லியிருந்தால், அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.