தேர்தலில் கை ஓங்கியது பணமா, மீடியாவா? கேள்வி பதில்

கேள்வி: எங்கே பார்த்தாலும் அதிகம் செலவு செய்தவர்தானே ஜெயிக்கிறார்? அப்புறம் என்ன விவாதம்?

ஜெயிக்கப்போகிறவரைத் தேடித்தான் நன்கொடை வரும். குதிரை ஓடும் என்று தெரிந்த பிறகு பந்தயம் கட்டுகிற கூட்டம்தான் பெரும்பாலும். பணத்தால் வெற்றி வந்ததா, வெற்றி வாய்ப்பால் பணம் வந்ததா என்று பிரித்துப் பார்க்க, பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 1994-ல் ஒரு வழி கண்டார். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கு அதே இரண்டு பேர் மறுபடி மோதிய தேர்தல்களை மட்டும் எடுத்தார். ஆள் மாறவில்லை, செலவு மட்டும் மாறியது. அப்படிப் பார்த்தால் செலவின் தாக்கம் மிகச் சிறியதாகத்தான் இருந்தது. 2020-ல் பெரும் பணக்காரரான மைக்கேல் புளூம்பெர்க் 100 கோடி டாலர் சொந்தப் பணத்தை இறைத்தும், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கான போட்டியில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதி.

கேள்வி: அப்படியென்றால் டிவி விளம்பரம் வீண் செலவா சார்?

வீண் இல்லை, ஆயுசு கம்மி. 2006-ல் டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் ஆராய்ச்சியாளர்கள் எந்த ஊரில் எப்போது விளம்பரம் ஓட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து சோதித்தார்கள். விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆதரவு நன்றாகவே ஏறியது. ஓரிரு வாரத்தில் அந்த ஏற்றம் காணாமல் போனது. போதாததற்கு, எதிராளியும் விளம்பரம் கொடுப்பான், இரண்டும் கழிந்துவிடும். முகமே தெரியாத புதியவருக்கு மட்டும் முதல் கொஞ்சம் பணம் பெரிய உதவி.

கேள்வி: ஒரு சேனல் உண்மையிலேயே ஓட்டை மாற்றுமா?

கொஞ்சம் மாற்றும். 1996-க்கும் 2000-க்கும் இடையில், குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் அமெரிக்கச் செய்தி சேனலான ஃபாக்ஸ் நியூஸ் சில ஊர்களின் கேபிளில் வந்தது, சில ஊர்களில் வரவில்லை. வந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் வாக்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி கூடியது என்று பொருளாதார ஆய்வாளர்கள் டெல்லாவிக்னாவும் கப்லானும் கணக்கிட்டார்கள். சின்ன எண்தான். ஆனால் 2000-ல் அமெரிக்க ஜனாதிபதி யார் என்பதைத் தீர்மானித்த ஃப்ளோரிடா மாநிலத்தின் முடிவு வெறும் 537 ஓட்டு வித்தியாசத்தில் நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: அரசியல்வாதியையும் மீடியாவையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? காசு கொடுத்து வாங்க எது விலை அதிகம்?

எனக்குப் பிடித்த கேள்வி. ஒருவர் நிஜமாகவே விலை பேசி, கணக்கும் எழுதி வைத்தார்.

தென் அமெரிக்க நாடான பெருவில், ஜனாதிபதி ஃபுஜிமோரி ஆட்சியின் உளவுத்துறையைப் பின்னால் இருந்து நடத்திய மான்டெசினோஸ், நீதிபதிகள், எம்.பி.க்கள், சேனல் முதலாளிகள் எல்லோருக்கும் லஞ்சம் கொடுத்தார். கையெழுத்து வாங்கினார், வீடியோவும் எடுத்தார். மெக்மில்லன், சொய்டோ என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆவணங்களை அலசினார்கள். சேனல் முதலாளிக்குப் போன தொகை, ஓர் அரசியல்வாதிக்குப் போனதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு!

ஏன் அவ்வளவு? ஓர் எம்.பி. முரண்டு பிடித்தால் இன்னொருவரை வாங்கிக்கொள்ளலாம். சேனல் அப்படியல்ல. பத்தில் ஒன்பதை வாங்கி ஒன்றை விட்டாலும், அந்த ஒன்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். அதுதான் நடந்தது. விலை போகாத சிறிய கேபிள் சேனலான கனால் என், 2000 செப்டம்பரில் மான்டெசினோஸ் ஓர் எதிர்க்கட்சி எம்.பி.க்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுக்கும் வீடியோவை ஒளிபரப்பியது. சில நாட்களில் ஃபுஜிமோரி புதுத் தேர்தல் அறிவித்தார். நவம்பரில் ஆட்சியே போனது.

கேள்வி: மீடியா சொல்வதை ஜனங்கள் அப்படியே நம்பிவிடுவார்களா?

மாட்டார்கள். எதை நினைக்க வேண்டும் என்பதைவிட, எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதில்தான் மீடியாவுக்குப் பிடி அதிகம். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸும் ஷாவும் செய்த ஆய்வில், செய்திகள் பெரிதாக்கிய பிரச்சினைகளையே வாக்காளர்களும் முக்கியம் என்றார்கள். விலைவாசியே பேச்சாக இருந்தால் ஒருவருக்கு லாபம், பாதுகாப்பே பேச்சாக இருந்தால் இன்னொருவருக்கு லாபம்.

கேள்வி: 2016-ல் டிரம்ப்?

ஹிலாரி தரப்பைவிட மிகக் குறைவாகச் செலவழித்து ஜெயித்தார். அவர் பேச்சையெல்லாம் சேனல்கள் இலவசமாக நேரலையில் காட்டின. காசு கொடுத்து அவ்வளவு நேரம் வாங்க முடியாது.

கேள்வி: சமூக வலைத்தளம் வந்த பிறகு இந்தக் கணக்கு செல்லுமா?

பாதி செல்லும். முன்பு விளம்பரம் தனி, செய்தி தனி. இப்போது காசு கொடுத்த பதிவும் நண்பர் பகிர்ந்த செய்தியும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருகின்றன. கட்சி கொடுக்கும் பணத்தை எண்ணிவிடலாம். எந்தப் பதிவை மேலே தள்ளுவது என்று அந்த நிறுவனம் எடுக்கும் முடிவு எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.