டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை வியாபாரம் செய்கிறோம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு தம்பி வலைத்தளம் செய்து கொடுத்தார். வருடாவருடம் பணம் அனுப்புவேன், அவர் புதுப்பித்துவிடுவார். நான்கு மாதமாகப் போனை எடுக்கவில்லை. தளத்தின் முகவரியான டொமைன் அவர் பெயரில் இருக்கிறதாம். என்ன செய்வது மேடம்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஐயா, முதலில் அந்தத் தம்பியின் வீட்டுக்கு யாரையாவது நேரில் அனுப்புங்கள். ஏமாற்றுகிறார் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். உடம்பு முடியாமல் இருக்கலாம், வேறு வேலைக்குப் போய் நம்பரை மாற்றியிருக்கலாம். ஆள் கிடைத்துவிட்டால் வேலை சுலபம். அவர் டொமைன் வாங்கிய அதே ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனம்) உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதென்றால் அவர் டொமைனின் மாற்றப் பூட்டைத் திறந்து, ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைத் தர வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைந்திருந்தாலும் ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதி தேதி என்ன என்பது தெரியும். டாட் காம் என்றால், தேதி முடிந்த பின் ரெஜிஸ்ட்ரார் அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். அதற்குள்ளேயே ஏலத்தில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கைமாறாமல் ரெஜிஸ்ட்ரார் அதை நீக்கினால், பிறகு 30 நாள் மீட்புக் காலம். அபராதம் கட்டினால் பழைய உரிமையாளருக்கு மட்டும் கிடைக்கும். அதற்கப்புறம் 5 நாள் காத்திருப்பு. அதோடு சரி, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை நான் பட்டுத்தான் படித்தேன். 2011இல் மதுரையில் ஒரு பாத்திரக்கடைக்கு வேலை செய்தபோது, டொமைனை என் மின்னஞ்சலில் பதிந்தேன். கடைக்காரருக்குச் சிரமம் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன மாதங்களில் நினைவூட்டல் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன, நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது டொமைன் வேறு யாரிடமோ போயிருந்தது. கடைக்காரரோ அந்த முகவரியைப் போட்டுச் சிவகாசியில் 2000 காலண்டர் அடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தார். அந்தச் செலவை நான் ஏற்றேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) இரண்டும் வாடிக்கையாளரின் பெயர், மின்னஞ்சல், கார்டில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வதோடு சரி.

தம்பி கிடைக்கவே இல்லை என்றால், பணம் அனுப்பிய ரசீதுகள், ஜிஎஸ்டி சான்றிதழ், பழைய பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். பதிவில் உள்ள பெயரைத்தான் அவர்கள் மதிப்பார்கள் என்பதால் பலன் நிச்சயமில்லை. கடைப்பெயருக்கு டிரேட்மார்க் இருந்தால் வக்கீல் மூலம் போகலாம்: டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று தகராறு தீர்க்கத் தனித்தனி முறை உண்டு. எதற்கும் தளத்தின் படங்கள், விவரங்கள், அந்த முகவரிக்கு வந்த மின்னஞ்சல்கள் அத்தனையையும் இந்த வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, பிஎஸ்சி முடித்திருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் ரியாக்ட் என்ற வலைத்தளக் கருவியைச் சொல்லித் தர 60,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போது வேண்டாம்மா. நான் காசு கட்டிப் படித்தது, தளங்களில் அசையும் படம் செய்யும் ஃபிளாஷ். 2020 கடைசியில் அதை மூடிவிட்டார்கள். அப்புறம் ஜேகொரி என்ற இன்னொரு கருவி இல்லாமல் வேலையே இல்லை என்று இருந்தது. ரியாக்ட் 2013இல் வந்தது, நல்ல கருவிதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் வலைப்பக்கத்தின் அடிப்படை மொழிகளான ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் இருக்கின்றன. அவை 1990களில் வந்தவை, இன்றும் அவைதான் ஓடுகின்றன.

மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் இந்த மூன்றும் இலவசம். ஆங்கிலம்தான், எளிய ஆங்கிலம். ஆறு மாதம் ஒதுக்கி, உங்கள் ஊர் பஸ் நேரங்களுக்கு ஒரு பக்கம் செய்யுங்கள். கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஏற்றலாம். குரோம் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து வைத்து, மெதுவான இணைப்பில் எப்படி வருகிறது என்று பாருங்கள். போன் நம்பர் கேட்கும் பெட்டிக்கு ஹெச்டிஎம்எல்லில் 'டெல்' (tel) வகை கொடுத்தால் செல்போனில் எண் பலகை தானாக வரும். அதைத் தொட்டுப் பார்க்கும்போது கிடைக்கிற சந்தோஷம் வகுப்பில் கிடைக்காது. ஏஐ எழுதித் தருகிற நிரலை வரிவரியாக உங்கள் வாயால் விளக்க முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செய்த பக்கத்தின் இணைப்பை எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: 25,000 ரூபாய்க்கு வலைத்தளம் செய்து தரப் பேசிய வேலை. 'இது ஒன்று மட்டும்' என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் இழுக்கிறார்கள். மீதிப் பணமும் வரவில்லை.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள் தம்பி. நான் தொடங்கும்போது 40, வடிவம் ஒப்புக்கொண்டதும் 40, ஏற்றும் முன் 20 சதவீதம் வாங்குகிறேன். அதுவரை தளம் என் சோதனை சர்வரில் இருக்கும். ஓடுகிற தளத்தை முடக்கிப் பணம் கேட்பதை மட்டும் செய்யாதீர்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதிக் கொடுக்கும் நிரல், 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே சொந்தம். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். அப்படிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று பொருள். இதை வைத்து மிரட்ட வேண்டாம். முழுப் பணம் வந்ததும் காலவரையில்லாமல், உலகம் முழுதுக்கும் உரிமை தருகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த வரியைக் காட்டியே மீதியைக் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் சங்கத் தளத்தில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. பழைய மலர்களை ஏற்றினால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறி இருந்தால் மூல எழுத்து அழிந்துவிட்டது. அட்டவணையை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றி மறுபடி தட்டத்தான் வேண்டும். பழைய மலர், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது. அதில் எதுவும் அழியவில்லை, யூனிகோடு மாற்றியில் போட்டால் வந்துவிடும். டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன்: மாற்றியபின் 'கௌ' வருகிற இடங்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். ககரத்துக்கு ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை வைத்து 'கெள' என்று நின்றிருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் கௌரி என்று தேடுகிறவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது.