பதில்: ஜெனரிக் ரிங் பஃபர், டெஸ்ட் பாஸ் ஆகியும் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வருது

உங்க ஜாவா ரிங் பஃபர் (கடைசி இடம் முடிஞ்சதும் முதல் இடத்துக்கே சுத்தி வர்ற, அளவு மாறாத வரிசை) கோட் பார்த்தேன் ப்ரோ. டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனா எல்லாத்தையும் அரேவா தர்ற கெட்-ஆல் (getAll) மெத்தட் தர்றதை ஸ்ட்ரிங் அரேல வாங்கினா மட்டும் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் (டைப் பொருந்தாத காஸ்ட்னால வர்ற பிழை) அடிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. உள்ள நீங்க ஆப்ஜெக்ட் அரே உருவாக்கி அதை டி (T, உங்க ஜெனரிக் டைப்) அரேன்னு காஸ்ட் பண்ணி வச்சிருக்கீங்க, டைப் இரேஷர்னால (கம்பைல் ஆனதும் ஜெனரிக் டைப் அழிஞ்சிடுறது) ரன்டைம்ல அது வெறும் ஆப்ஜெக்ட் அரே தான், கிளாஸுக்குள்ளயே இருக்கிற வரைக்கும் ஓடும், வெளிய ரிட்டர்ன் பண்ணினதும் கூப்பிட்ட இடத்துல கம்பைலர் சேர்த்த காஸ்ட்ல போய் மாட்டிக்குது. எச்சரிக்கையை மறைக்கிற சப்ரஸ்வார்னிங்ஸ் போட்டு கம்பைலர் வாயை அடைச்சிட்டீங்க, பாவம் அது முன்னாடியே சொல்லிச்சு :)

அரேவை வெளிய விடாதீங்க, புது அரேலிஸ்ட்ல காப்பி பண்ணி லிஸ்ட்டா குடுங்க.

டெஸ்ட் ஏன் பிடிக்கலைன்னா, நீங்க சைஸ் மட்டும் தான் அசர்ட் பண்றீங்க (சரியான்னு சோதிக்கிறீங்க), வெளிய வர்ற வேல்யூவையும் வரிசையையும் தொடவே இல்ல. கெப்பாசிட்டி 3 வச்சு மூணு போடுங்க, ரெண்டு எடுங்க, திரும்ப ரெண்டு போடுங்க, இப்ப எடுக்கும்போது வரிசை சரியா வருதான்னு பாருங்க, இண்டெக்ஸ் சுத்தி வர்ற இந்த இடத்துல தான் பக் ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் ஒரே டெஸ்ட் மெத்தட்ல திணிக்காம பிரிச்சு எழுதுங்க, முதல் அசர்ட் விழுந்தா மிச்சம் ஓடவே ஓடாது.

பஃபர் காலியா இருக்கும்போது நல் (null, மதிப்பே இல்லைங்கிறது) திருப்புறதும் வேண்டாம், உள்ள நல் போட்டிருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நோசச்எலிமென்ட்எக்செப்ஷன் வீசுங்க, ஜேயூனிட் 5 (ஜாவா டெஸ்ட் லைப்ரரி) அசர்ட்த்ரோஸ்ல செக் பண்ணுங்க. கெப்பாசிட்டி 0 குடுத்தா மாடுலோல (வகுத்து மீதி எடுக்கிற கணக்கு) 0-ஆல வகுக்கப் போய் வெடிக்கும், கன்ஸ்ட்ரக்டர்லயே தடுத்துடுங்க.

அப்புறம் ரிமூவ்ல இண்டெக்ஸ் மட்டும் நகருது, பழைய ஸ்லாட்டை நல் ஆக்குங்க, இல்லாட்டி அந்த ஸ்லாட்ல வேற எதாவது விழற வரைக்கும் அந்த ஆப்ஜெக்டை கார்பேஜ் கலெக்டர் (தேவையில்லாத மெமரியை விடுவிக்கிறது) எடுக்காது.