முதலில் அந்தத் துணிக்கட்டு

கேள்வி: பெண்ணாகப் பிறந்த என் பிள்ளைக்கு 17 வயது. இரண்டு வருடமாக ‘நான் பையன்’ என்கிறாள். பழைய துப்பட்டாவைக் கிழித்து மார்பை இறுக்கக் கட்டிக்கொள்கிறாள். ஆணாக மாற ஊசி போட வேண்டுமாம். ஓர் ஆலோசகரோ ‘ஆறு மாதத்தில் இவள் மனதை மாற்றிவிடலாம்’ என்கிறார். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: அக்கா, துப்பட்டா என்று எழுதியிருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நானும் திருநம்பிதான், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவன். தக்கலையில் படிக்கிற காலத்தில் அம்மாவின் பழைய நேரியதைக் கிழித்து அப்படித்தான் கட்டினேன். விலாவில் தோல் உரிந்து, வியர்வை பட்டால் எரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும். ராத்திரியும் அவிழ்க்க மனம் வராது.

அதனால் முதலில் அதைக் கவனியுங்கள். தூங்கும்போது கட்டவே கூடாது. பகலில் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொள சட்டையும் போதும். நீங்களே கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள். எனக்கு அப்படி யாரும் வாங்கித் தரவில்லை.

‘மாற்றிவிடலாம்’ என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு எதிராக உத்தரவிட்டது. மருத்துவர் இப்படிச் செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. என்னையும் 15 வயதில் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். கண்ணாடி முன்னால் நிறுத்தி ‘நான் பெண்’ என்று சொல்ல வைத்தார். அதற்கப்புறம் வீட்டில் யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டேன்.

சரி, ஊசி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போட்டால் சில மாதங்களில் குரல் உடையும். நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. ரத்தம் கெட்டியாகலாம், அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். மெடிக்கலில் வாங்கித் தானே குத்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அது மட்டும் வேண்டவே வேண்டாம். அறுவை சிகிச்சைப் பேச்சு 18-க்குப் பிறகுதான். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் என்று தங்களைச் சொல்லும் பிள்ளைகளில் பலர் ஊசியே கேட்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு எது தேவை என்பதை அவசரமில்லாமல் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரை முதலில் பாருங்கள். ஹார்மோன், அறுவை சிகிச்சை ஆலோசனைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நீங்களும் கூடப் போங்கள், அக்கா. டாக்டரிடம் பிள்ளை தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடம் முதல் நாளே கேட்டுவைத்து, அதை நர்ஸிடம் நீங்களே சொல்லுங்கள்.