தண்டையார்பேட்டை தம்பிக்கு: மலை ஊர் பார்க்கறதுக்கு முன்னாடி மூச்சைப் பாருங்க

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். 59 வயசு, தண்டையார்பேட்டை ஆளு, பொண்ணு சிட்டிசன் ஆகி கிரீன் கார்டு எடுத்துக் குடுத்து டாலஸ் வந்து ஒரு வருஷம் ஆவுது, அந்த ஹைவேயும் மாலும் ஒத்துக்கல, மெட்ராஸ்ல இருந்தப்போ ஞாயித்துக்கிழமையானா நாகலாபுரம், தடான்னு மலைக்குக் கிளம்பின ஆளு, அதனால சின்னதா ஒரு மலை ஊரா பார்த்து மிச்ச காலத்தை நடை, மீன், பனின்னு கழிக்கலாமா, கொலராடோ எப்படி இருக்கும், அதானே? நான் ராயபுரம். 94ல டென்வர் வந்து 24 வருஷம் நர்ஸ் வேலை, 2018ல வூட்டுக்காரரும் நானும் எல்லாத்தையும் வித்துட்டு அதே கொலராடோல சலைடான்னு ஒரு மலை ஊருக்குப் போனோம். இப்போ இதை எழுதறது ராயபுரத்துல தங்கச்சி வூட்டு மொட்டை மாடில உக்காந்து, காத்து திரும்பினா காசிமேட்டு மீன் வாசனை வருது. ஜனவரில ஏன் இங்க இருக்கேன்னு அப்பால சொல்றேன், அதுலதான் உங்களுக்கு வேண்டிய பதிலே இருக்கு.

சலைடா அழகான ஊர்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆர்கன்சா ஆறு ஊருக்கு நடுவுல ஓடுது, மேற்கால பார்த்தா பிரின்ஸ்டன், யேல், ஹார்வர்டுன்னு காலேஜ் பேரு வச்ச மலைங்க, ஒவ்வொண்ணும் 14,000 அடிக்கு மேல. மொத்த ஜனம் ஆறாயிரத்துக்கும் கம்மி, நம்ம ஊர்ல ஒரு ஹவுசிங் போர்டு ஏரியால இருக்கற கூட்டம் கூட இல்ல. 1880ல ரயில்வேக்காரன் உண்டாக்கின ஊரு அது, இப்போ ரயில் இல்ல, ஆனா அந்தப் பழைய செங்கல் கட்டடங்களைப் பார்த்தா எனக்கு நம்ம ராயபுரம் ஸ்டேஷன் ஞாபகம் வரும், 1856ல தொறந்தது, தெரியுமில்ல? ஸ்பானிஷ்ல சலீடான்னா வெளிய போற வழி, உள்ளூர்க்காரன் சலைடான்னுதான் சொல்வான், சலீடான்னு சொன்னா புதுசுன்னு கண்டுபுடிச்சிடுவான்.

ஆனா அந்த ஊரு 7,000 அடில இருக்கு தம்பி. ஊட்டியை விட கொஞ்சம்தான் கம்மி. நீங்களும் நானும் பொறந்தது கடல் மட்டத்துல, வூட்டு வாசல்ல நின்னா அலை சத்தம் கேக்கும். ஊட்டிக்கு நாலு நாள் டூர் போறது வேற, அந்த உயரத்துல தினமும் தூங்கறது வேற. காத்துல ஆக்சிஜன் பங்கு எங்கயும் 21 சதவீதம்தான், ஆனா மேல போகப்போக காத்தழுத்தம் குறையுது, 7,000 அடில ஒவ்வொரு மூச்சுக்கும் கடற்கரைல கிடைக்கறதுல முக்கா பாகம் சொச்சம்தான் கிடைக்கும். 40 வயசுல ஒடம்பு அதுக்கு ரத்தத்தைக் கூட்டி சமாளிச்சுக்கும், அறுபதுக்கு மேல, அதுவும் பழைய சிகரெட்டு இருந்தா, சொல்ல முடியாது.

எங்க வூட்டுக்காரரு வியாசர்பாடி, 2001ல சிகரெட்டை விட்டாரு. முதல் மூணு வருஷம் ஆளு பறந்தாரு, ஆத்துல எறங்கி மீன் புடிக்கறது என்ன, பனில நடக்கறது என்ன. நாலாவது வருஷம் சாயங்காலமானா சோர்வு, காலைல தலைவலி, ராத்திரி மூச்சு கொஞ்ச நேரம் நின்னு திரும்ப வேகமா வரும். ஒரு டாக்டர் வயசாவுதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நானும் குறட்டைன்னு நினைச்சு திரும்பிப் படுத்துட்டேன், 24 வருஷம் அடுத்தவங்க சாச்சுரேஷனை, அதான் ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்ங்கறதை, பார்த்து நோட்டுல எழுதினவ, என் கட்டில்ல பக்கத்துல படுத்தவருக்கு ஒரு நாள் அதை அளக்கற கிளிப்பை விரல்ல மாட்டிப் பார்க்கணும்னு தோணல. அப்பறம் ஒரு ராத்திரி சந்தேகம் வந்து மாட்டினேன், 84. எழுப்பி உக்கார வச்சேன், ஏறுச்சு, படுத்தா திரும்ப எறங்குது. அதுலேர்ந்து ராத்திரி ஆக்சிஜன் மெஷின், அந்த டர்ர்ர்னு சத்தத்துலதான் தூங்கறோம். ரெண்டாவதா பார்த்த டாக்டர் தெளிவா சொன்னாரு, எவ்வளவு கீழ எறங்கறீங்களோ அவ்வளவு நல்லதுன்னு. இங்க ராயபுரத்துல அதே ஆளுக்கு 96, மெஷினே இல்ல, மணலி பக்கத்துப் புகையை சுவாசிச்சுக்கிட்டு ஜம்முனு தூங்கறாரு, என்னத்த சொல்ல. அதனாலதான் நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இங்க, மிச்சம் அங்கன்னு ஓடிட்டிருக்கோம், இதுவும் எவ்வளவு நாளைக்குன்னு தெரியல.

அதனால எந்த ஊருன்னு கேட்டீங்கன்னா நான் முதல்ல அடிக்கணக்கைக் கேப்பேன். லெட்வில்லுன்னு ஒரு ஊரு இருக்கு, 10,000 அடிக்கு மேல, படம் பார்த்து மயங்கிடாதீங்க, நம்ம வயசுக்கு அது வேணாம். கொலராடோலயே கிராண்ட் ஜங்ஷன், ஃப்ரூட்டா பக்கம் போனா 4,500 அடி சுமாருக்கு வந்துடும், சிவப்புப் பாறை, ஆறு, நடக்க எக்கச்சக்க வழி இருக்கு. கிழக்கால நார்த் கரோலினால ஆஷ்வில் 2,100 அடிதான், பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வெள்ளம் அங்க என்ன பண்ணிச்சுன்னு பார்த்துட்டு ஆத்தோரம் இல்லாம வூடு பாருங்க. எதுவா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி அங்க போய் ஒரு மாசம் வாடகைக்கு இருங்க, ராத்திரி அந்தக் கிளிப்பை விரல்ல மாட்டி எழுதி வைங்க, ரெண்டு பேருக்கும். ஜூலைல போய்ப் பார்த்து வாங்கினவன் ஆயிரம் பேரு, நாங்களும் அதுல ரெண்டு பேரு. நீங்க பிப்ரவரில போங்க.

அடுத்தது ஆஸ்பத்திரி. சலைடால ஒண்ணு இருக்கு, அந்த அளவு ஊருக்கு அது பெரிய அதிர்ஷ்டம், ஆனா பெரிய சமாச்சாரம்னா ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போவான், இல்லன்னா டென்வருக்கு ரெண்டரை மூணு மணி நேரம் கார், அதுவும் ரோடு தொறந்திருந்தா. ராயபுரத்துல நெஞ்சு வலின்னா ஆட்டோவைப் புடிச்சு பத்து நிமிஷத்துல ஸ்டான்லி. இந்த வித்தியாசத்தை மனசுல வைங்க.

இன்சூரன்ஸ் உங்களுக்கு எங்களை விட பேஜார். 65 ஆகி, கிரீன் கார்டோட தொடர்ச்சியா 5 வருஷம் இருந்தா மெடிகேர்ல, அதான் வயசானவங்களுக்கு அமெரிக்க கவர்மென்ட்டு குடுக்கற மருத்துவ இன்சூரன்ஸ்ல, சேரலாம், அது உங்களுக்கு வந்துடும். ஆனா 10 வருஷம், அதாவது 40 கிரெடிட், வேலை பார்த்து வரி கட்டியிருந்தாதான் அதுல ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கற பார்ட் ஏ சும்மா கிடைக்கும், இல்லன்னா மாசம் 500 டாலருக்கு மேல கட்டணும். 30 கிரெடிட் தாண்டினா அது பாதி சுமாருக்குக் குறையும், வருஷத்துக்கு 4 கிரெடிட்தான் சேரும், கணக்குப் போட்டுக்கங்க. பார்ட் டைமா எதையாச்சும் செய்யுங்கன்னுதான் நான் சொல்வேன், உங்க வீட்டம்மா வேலை பார்த்தாலும் அந்தக் கிரெடிட் உங்களுக்கு உதவும். 65 வரைக்கும் வெளிய பாலிசி வாங்கணும், மலை கவுன்டிங்கள்ல, நம்ம மாவட்டம் மாதிரி, கம்பெனி கம்மி, பிரீமியம் ஜாஸ்தி. மெடிகேர் இந்தியால பொதுவா ஒரு பைசா குடுக்காது, இங்க வந்தா கைக்காசுதான். நான் சிட்டிசன், அஞ்சு மாசம் வந்து உக்காரலாம், நீங்க ஒரே தடவைல 6 மாசம் தாண்டினா சிட்டிசன்ஷிப் கணக்கு உடைய வாய்ப்பிருக்கு, ஒரு வருஷம் தாண்டினா கார்டுக்கே வில்லங்கம்.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, சந்தோஷமும் இருக்கு. ஊருக்குள்ளயே வெந்நீர் ஊத்து குளம் ஒண்ணு, பக்கத்து ஊரு பான்ச்சா ஸ்பிரிங்ஸ்லேர்ந்து பைப்புல தண்ணி வரும், வெளிய பனி கொட்டும், நீங்க உள்ள கழுத்தளவு சூடான தண்ணில, முட்டி வலி எல்லாம் கரைஞ்சு போவும், என் வயசுப் பொம்பளைங்க பாதிப் பேரை நான் அங்கதான் பழக்கம் புடிச்சேன். 62 ஆச்சுன்னா கிரீன் கார்டுக்காரங்களுக்கும் நேஷனல் பார்க் சீனியர் பாஸ் உண்டு, 80 டாலர், ஆயுசுக்கும், பொறந்தநாள் அன்னிக்கே வாங்குங்க. மேல ஏறறதுன்னா விடிகாலைல கிளம்பி மதியத்துக்குள்ள மரம் இருக்கற உயரத்துக்கு எறங்கிடணும், ஜூலை ஆகஸ்ட்ல மதியம் இடி மின்னல் தவறாம வரும், மொட்டை முகட்டுல நின்னா நீங்கதான் உசரம். நாகலாபுரத்துல பாறைல சாஞ்சு கட்டுசோறு சாப்ட மாதிரி சாவகாசமா உக்காராதீங்க.

மீன் கதை ஒண்ணு. அந்த ஆறு ட்ரவுட் மீனுக்குப் பேர்போனது, எங்க வூட்டுக்காரருக்கு அங்க ஒரு வெள்ளைக்கார தாத்தா சிநேகிதம், முதல் நாள் கஷ்டப்பட்டு ஒண்ணைப் புடிச்சு அதைத் தடவிக் குடுத்து திரும்ப ஆத்துல வுட்டாராம் அவரு. இவரு அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல, இன்னாடி இது, புடிச்சதை வுடறதுக்கா புடிக்கறான்னு. அப்பறம் அவரும் அப்படியே ஆயிட்டாரு. நான் ஒரு தடவை ட்ரவுட்டைக் குழம்பு வச்சேன், வஞ்சிரம் மாதிரி நிக்காது, கரைஞ்சு புளித்தண்ணியோட போயிடுச்சு.

சமையல்னதும் ஞாபகம் வருது, அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாது, குக்கர் இல்லாம ஒண்ணும் நடக்காது, இட்லி ஆவில அஞ்சாறு நிமிஷம் கூட வேணும், மாவு பொங்க அடுப்பு அவன்ல லைட்டைப் போட்டு உள்ள வைக்கணும். அரிசி பருப்புக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை டென்வர், அப்படியே பக்கத்துல கேஸில் ராக் கோயில் பெருமாளையும் பார்த்துட்டு வருவோம்.

பனி அள்ளறது, பைப்பு உறையறது, கரடி வந்து குப்பைத்தொட்டியைக் கவுக்கறது, இதெல்லாம் பழகிடும். நெருப்பு பழகாது. 2019 அக்டோபர்ல ஊருக்குத் தெக்கால டெக்கர்னு ஒரு காட்டுத்தீ, 8,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சுது, ராத்திரில மலை முதுகு பூரா செவப்புக் கோடு. நான் பத்திரம், பாஸ்போர்ட், தாலி எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கதவாண்ட வச்சேன், வடசென்னைக்காரிக்கு வெள்ளத்துல பழகின கைதானே. வூடு வாங்கறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் குடுப்பானான்னு கேட்டுடுங்க, காட்டோரமா இருந்தா நிறைய கம்பெனி கையை விரிக்கறான்.

கடைசியா ஒண்ணு. நீங்க இவ்வளவு எழுதினீங்க, மலை, மீன், டென்ட்டு, எந்த ஷூ வாங்கறதுன்னு கூட கேட்டீங்க, உங்க வீட்டம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவங்க கார் ஓட்டுவாங்களா? பனில ஓட்டுவாங்களா? நீங்க காலை உடைச்சிட்டுக் கிடந்தா உங்களைத் தூக்கிப் போட்டுட்டு மூணு மணி நேரம் மலை ரோட்டுல டென்வர் போறது அவங்கதான். அந்த மாதிரி ஊர்ல தமிழ் பேச ஆள் கிடைக்காது, பக்கத்து வூட்டுப் பேச்சு, கோலம், காய்காரன் கிட்ட வம்பு, இதெல்லாம் இல்லாம எனக்கே முதல் குளிர்காலம் சுவத்தைப் பார்த்துப் பேசற நிலைமை, நான் இங்கிலீஷ்ல ஆயிரம் நோயாளிங்களை அதட்டினவ. அவங்க வந்து ஒரு வருஷம்தான் ஆவுது.

நான் மார்ச் 10 வாக்குல திரும்பிப் போறேன். அதுக்குள்ள அவங்களை எனக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நிக்காம.