ஜாதகக் கேள்வி பதில்: அரை மணி நேரத்தில் மாறிய லக்னம்

போன வாரம் “ஜாதகத்தில் புரியாததைக் கேளுங்கள்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. “எனக்கு எப்போது கல்யாணம்”, “பிஆர் (சிங்கப்பூர் நிரந்தரவாசம்) கிடைக்குமா” என்றெல்லாம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்கு உட்கார்ந்து முழு ஜாதகத்தையும் பார்க்க வேண்டும். கட்டத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன். கேள்விக்குப் பக்கத்தில் இருப்பது அவரவர் இருக்கும் சிங்கப்பூர்ப் பேட்டை. நான் தொழில்முறை ஜோதிடர் இல்லை. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். மாலையில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாதகம் எழுதிக் கொடுப்பார். அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பழகியதுதான் எனக்குத் தெரிந்தது.

கேள்வி (ஈசூன்): அக்கா, நான் 1979 பங்குனி முதல் வாரத்தில் சிங்கப்பூரில் பிறந்தேன், காலை 6.55. தாத்தா எழுதிய நோட்டில் மீன லக்னம் என்று இருக்கிறது. கைப்பேசியில் போட்டுப் பார்த்தால் கும்ப லக்னம் வருகிறது. எது சரி?

பதில்: தாத்தா எழுதியதுதான் சரி. லக்னம் என்பது பிறக்கும்போது கிழக்கு அடிவானத்தில் எழும் ராசி. நம் கடிகாரம் இப்போது கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 பிறப்பதற்கு முன்னால் அது ஏழரை மணிதான். தீபகற்ப மலேசியா தன் நேரத்தை சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியபோது நாமும் கூடவே அரை மணி முன்னால் நகர்ந்தோம். நல்ல செயலிகள் இதைத் தாமாகவே கவனித்துக்கொள்ளும். சிலவற்றில் நேர வித்தியாசத்தை நாம்தான் போட வேண்டும். அங்கே 8 என்று போட்டிருப்பீர்கள். உடனே நீங்கள் அரை மணி முன்பே பிறந்தவராகிவிட்டீர்கள். லக்னம் ஏறக்குறைய 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும் (ஒரு ராசி 30 பாகை), அரை மணிக்கு ஏழரைப் பாகை. ராசியின் ஓரத்தில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிட அது போதும்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். பங்குனியில் சூரியன் மீனத்தில் இருக்கும். சூரியன் உதிக்கும்போது அது நிற்கிற ராசிதான் லக்னம். அன்றைய கடிகாரப்படி மார்ச் நடுவில் இங்கே உதயம் 6.40-ஐ ஒட்டி. நீங்கள் பிறந்தது அதற்குக் கால் மணி கழித்து. அப்படியென்றால் மீனம்தான். செயலி போட்ட கட்டத்தைப் பாருங்கள், சூரியன் இரண்டாம் இடத்தில் நிற்கும். லக்னத்துக்கு அடுத்த வீடு என்றால் இன்னும் அடிவானத்துக்குக் கீழே, அதாவது பொழுது விடியவில்லை என்று அர்த்தம். வெயில் எட்டிப் பார்த்த பிறகா பிறந்தேன் என்று அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

லக்னம்தான் முதல் வீடு, அது தள்ளினால் எல்லா வீடும் தள்ளிப்போகும். கும்பத்துக்கு லக்னாதிபதி சனி, பத்தாம் அதிபதி செவ்வாய். மீனத்துக்கு இரண்டுமே குரு. இத்தனை நாள் வேறு யாருடைய ஜாதகத்தையோ படித்திருக்கிறீர்கள்! ராசியும் நட்சத்திரமும் பெரும்பாலும் மாறாது, சந்திரன் அரை மணியில் கால் பாகைதான் நகரும். ஆனால் தசை இருப்பு, அதாவது பிறக்கும்போது ஆளும் கிரகத்தின் காலத்தில் மீதியிருப்பது, மாறும். சுக்கிர தசையில் பிறந்திருந்தால் வித்தியாசம் ஐந்து மாதம் வரும்.

அப்பா ஒவ்வொரு ஜாதகத்தின் தலையிலும் இரண்டு வரி எழுதுவார்: கடிகார நேரம், சூரிய நேரம். 1982-இல் நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் “இன்று முதல் அரை மணி கூடுதல்” என்று எழுதி வைத்தது இன்னும் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த தாத்தா பாட்டிக்கு ஜாதகம் எழுதுகிறவர்களும் கவனியுங்கள். 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர்வரை இங்கே ஓடியது டோக்கியோ நேரம், 9 மணி.

கேள்வி (ஜூரோங்): 1990 சித்திரையில் பிறந்தேன், ஊர் காரைக்குடி. ரிஷப லக்னம். கன்னியில் சந்திரன், மிதுனத்தில் குரு. கஜகேசரி யோகம் என்கிறார்கள். மேஷத்தில் சூரியனும் புதனும் சேர்ந்து புதாதித்ய யோகம். 2020-இல் குரு தசையும் தொடங்கிவிட்டது. 2023-இல் இங்கே வேலைக்கு வந்தேன். அப்புறம் சம்பளம் நகரவே இல்லை. இரண்டு யோகம் இருந்தும் ஏன்?

பதில்: தம்பி, முதலில் இந்த இரண்டு யோகமும் எத்தனை பேருக்கு இருக்கும் என்று பார்ப்போம். சந்திரனுக்கு 1, 4, 7, 10-இல் குரு இருந்தால் கஜகேசரி. பன்னிரண்டில் நான்கு வீடு. சந்திரன் இரண்டேகால் நாளுக்கு ஒரு ராசி மாறுகிறது. அப்படியென்றால் மாதத்தில் ஒன்பது நாள், பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் கஜகேசரிதான். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே முடியாது, ஒரே ராசியில் இரண்டும் இருப்பது சர்வசாதாரணம். யோகத்துக்குப் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பலனும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

யோகம் தருகிற கிரகம் உங்கள் லக்னத்துக்கு யார் என்பதுதான் கேள்வி. ரிஷபத்துக்குக் குரு எட்டுக்கும் பதினொன்றுக்கும் உடையவர். கொடுப்பார், ஆனால் இழுத்தடித்துக் கொடுப்பார். புதன் இரண்டுக்கும் ஐந்துக்கும் உடையவர், பணமும் புத்தியும் அவர் கையில். அவர் பன்னிரண்டில் சூரியனோடு ஒட்டிக்கொண்டு அஸ்தங்கமாக (சூரிய ஒளியில் மறைந்து) நிற்கிறார். பன்னிரண்டு விரயம் மட்டுமில்லை, அயல்நாடும்கூட. ஊரைவிட்டு இங்கே வந்து ஊருக்கே பணம் அனுப்புகிறீர்களே, அதுதான் அந்த வீட்டின் வேலை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அனுப்பிய கட்டத்தில் சனி மகரத்தில், ஒன்பதாம் இடத்தில் ஆட்சி. ரிஷபத்துக்கு 9, 10 இரண்டுக்கும் சனியே அதிபதி, யோககாரகர். கோணத்துக்கும் (1, 5, 9) கேந்திரத்துக்கும் (1, 4, 7, 10) உடையவர் சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பத்துக் கஜகேசரியைவிட எனக்கு இது பெரிது. தசா புத்திக் கணக்கைப் பாருங்கள் (புத்தி என்பது தசைக்குள் வரும் சிறு பகுதி): குரு தசையில் சனி புத்தி ஓடியபோதுதான் இந்த வேலை வந்திருக்கிறது. இப்போது நடப்பது புதன் புத்தி, விரயத்தில் நிற்பவர். சம்பளம் எப்போது ஏறும் என்று நான் நாள் குறிக்க மாட்டேன். செலவைக் கட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி (பிடோக்): ஏழாம் வீடு காலியாக இருந்தால் கல்யாண வாழ்க்கை இல்லையா?

பதில்: கிரகம் ஒன்பது, வீடு பன்னிரண்டு. யார் ஜாதகமானாலும் மூன்று வீடாவது காலியாகத்தான் இருக்கும். ஏழாம் அதிபதி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): மகளுக்குக் கடக லக்னம், ஏழில் செவ்வாய். இரண்டு வரன்கள் “செவ்வாய் தோஷம்” என்று விலகிவிட்டார்கள். கடைசியாக வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கக்கூட வரவில்லை. என்ன பரிகாரம் செய்யட்டும் தங்கச்சி?

பதில்: அக்கா, பரிகாரமே வேண்டாம். கட்டத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கடகத்துக்கு ஏழாம் வீடு மகரம். மகரத்தில் செவ்வாய் உச்சம், அதாவது முழுப் பலம். அதுவும் கடக லக்னத்துக்குச் செவ்வாய் யார்? ஐந்துக்கும் பத்துக்கும் உடைய யோககாரகர். உச்சம் பெற்றுக் கேந்திரத்தில் நிற்பதால் ருசக யோகமும் சேர்கிறது. அங்கிருந்து நான்காம் பார்வையாகத் தன் சொந்த வீடான மேஷத்தை, பத்தாம் இடத்தைப் பார்க்கிறார். கடக, சிம்ம லக்னத்துக்குச் செவ்வாய் தோஷமில்லை என்பது ஒரு விதி. ஆட்சி, உச்சம் பெற்ற செவ்வாய்க்குத் தோஷமில்லை என்பது இன்னொரு விதி. உங்கள் மகளுக்கு இரண்டும் பொருந்துகிறது. இதைப் போய் தோஷம் என்று சொன்னவர், ஏழில் செவ்வாய் என்று பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது.

தோஷக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்தால் தோஷம். வடக்கே இரண்டை விட்டு ஒன்றை எண்ணுவார்கள். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே பன்னிரண்டில் ஐந்து. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் தோஷம் இல்லாத பெண்ணைத் தேட விளக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் இத்தனை விதிவிலக்கு. விதியை மட்டும் படித்து விலக்கை விட்டுவிட்டால் பாதி ஊருக்குக் கல்யாணமே நடக்காது.

ஏழில் பலமான செவ்வாய் என்றால் வருகிறவர் வேகமானவராக, பிடிவாதக்காரராக இருக்கலாம். உங்கள் மகளும் விட்டுக்கொடுக்கிற ரகமாக இருக்காது. அதைப் பற்றி அவளிடம் பேசுங்கள். பொருத்தம் பார்க்கும்போது ஏழாம் அதிபதி சனியையும் சுக்கிரனையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவர்களிடம் நான் சொன்னதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காத வீடு, கல்யாணத்துக்குப் பிறகும் கேட்காது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): மகன் 2005 ஐப்பசியில் மதியம் 12.40-க்குப் பிறந்தான். மகர லக்னம், பத்தில் சூரியன் நீசம். இப்போது தேசிய சேவையில் இருக்கிறான், முடித்ததும் போலிசில் சேர ஆசைப்படுகிறான். சூரியன் நீசமென்றால் அரசாங்க வேலை கிடைக்காதாமே?

பதில்: ஐப்பசியில் பிறந்த எல்லாருக்கும் சூரியன் துலாத்தில்தான், நீசம்தான், அதாவது பலம் குறைந்ததுதான். அவர்கள் யாரும் அரசாங்க வேலையில் இல்லையா என்ன? உங்கள் மகன் பிறந்தது இங்கே உச்சிப் பொழுது. சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதனால் ஐப்பசியில் சூரியன் தலைக்கு மேல் வரும்போது மணி ஏறத்தாழ 12.50. உச்சியில் நிற்கும் சூரியன் பத்தாம் இடத்தில் இருக்கும், அங்கே அதற்குத் திக்பலம், அதாவது திசையால் வரும் பலம். நீசமும் திக்பலமும் சேர்ந்த சூரியனை ஒரே வார்த்தையில் தள்ள முடியாது.

நீசபங்கமும் இருக்கிறது, அதாவது நீசத்தை முறிக்கும் அமைப்பு. துலாத்தில் உச்சமாகக்கூடியவர் சனி, அவர் கடகத்தில், லக்னத்துக்கு ஏழில். சூரியனின் உச்ச வீடான மேஷத்துக்கு அதிபதி செவ்வாய், அவர் மேஷத்திலேயே, நான்கில் ஆட்சி. இருவரும் கேந்திரத்தில். போதாததற்குக் குருவும் சூரியனோடு துலாத்தில். ஆட்சி பெற்ற செவ்வாய் நேர்ப் பார்வையாகப் பத்தைப் பார்க்கிறார். சீருடை வேலைக்கு நான் முதலில் தேடுவதே செவ்வாய்க்கும் பத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான். மகரத்துக்குச் சூரியன் எட்டாம் அதிபதி என்பதால் மேலதிகாரியோடு உரசல் வரும். வாயை அடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (செங்காங்): இரட்டைப் பெண் பிள்ளைகள், 9 நிமிட இடைவெளி. கட்டம் அச்சு அசல் ஒன்றுதான், குணம் எதிரும் புதிரும். ஏன்?

பதில்: நவாம்சத்தைப் பாருங்கள், அது ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம். ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலை, லக்னம் அதைக் கடக்க 13 நிமிடம் போலத்தான் ஆகும். 9 நிமிட இடைவெளியில் நவாம்ச லக்னம் மாறியிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லா ராசியும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்து எழும், கணக்கு சீராக வரும். லண்டனில் மீனம் ஒரு மணிக்குள் எழுந்துவிடும், அங்கே 9 நிமிடம் இன்னும் பெரிய விஷயம். ஆனால் ஒன்று. நவாம்சமும் ஒன்றாக இருந்தால் மேலும் மேலும் கட்டம் போட்டுப் பிழியாதீர்கள். ஒருத்தி படம் வரைகிறாள், இன்னொருத்தி பந்தடிக்கிறாள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி (அங் மோ கியோ): எட்டில் சனி. ஆயுளுக்குக் கண்டம் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: எட்டு ஆயுள் ஸ்தானம், சனி ஆயுள்காரகர். காரகர் (ஒரு விஷயத்துக்கு உரிய கிரகம்) தன் பாவத்தில், அதாவது அந்த விஷயத்துக்கான வீட்டில், இருந்தால் கெடுப்பார் என்ற விதிக்கு இது ஒன்றைத்தான் விலக்காகச் சொல்வார்கள்: எட்டில் சனி தீர்க்காயுள். மூட்டு வலி வரலாம். நடங்கள்.

கேள்வி (பொங்கோல்): சிம்ம லக்னம். சனி தசை தொடங்கியதும் நீலக்கல் போடச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். 2,800 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: கல் போடுவது அந்தக் கிரகத்துக்குப் பலம் கூட்ட என்பதுதான் நம்பிக்கை. சிம்மத்துக்குச் சனி ஆறாம் அதிபதியும் ஏழாம் அதிபதியும். ஆறு என்றால் கடன், நோய், வழக்கு. கடனுக்கு அதிபதியைக் காசு கொடுத்துப் பலப்படுத்துவார்களா? அதுவும் கடன் அட்டையில்! விட்டுவிடுங்கள்.

கேள்வி (சுவா சூ காங்): எனக்கு மேஷ ராசி. ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று ஒருவர், இல்லை என்று ஒருவர்.

பதில்: இரண்டு பஞ்சாங்கம், அவ்வளவுதான். நம் ராசிக்கு முந்தின ராசிக்குச் சனி வரும்போது ஏழரை தொடங்கும், மேஷத்துக்கு அது மீனம். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29. பழைய சூத்திரங்களை வைத்துப் போடும் வாக்கியப்படி 2026 மார்ச். திருநள்ளாற்றில் வாக்கியம்தான். கிரகத்தின் உண்மையான இடத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது திருக்கணிதம் என்பதால் ஜாதகத்துக்கு நான் அதை எடுப்பேன், கோயிலுக்குப் போக வாக்கியத்தை எடுப்பேன். அப்பாவும் அப்படித்தான்.

கேள்வி (தெங்கா): புது பிடிஓ (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குத் திங்கட்கிழமை பால் காய்ச்சுகிறோம். நாட்காட்டியில் ராகு காலம் 7.30 முதல் 9 என்று இருக்கிறது. அதை அப்படியே எடுக்கலாமா?

பதில்: அது காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. இங்கே ஆண்டு முழுவதும் உதயம் 7 மணியை ஒட்டித்தான், பகலும் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளுங்கள்: திங்கள் ராகு காலம் 8.30 முதல் 10 வரை, எமகண்டம் 11.30 முதல் 1 வரை. ஏழேகாலுக்கு அடுப்பைப் பற்றவைத்தால் நிதானமாக முடிக்கலாம். பாலையும் சாமி படத்தையும் முதல் நாளே மேலே கொண்டுபோய் வையுங்கள், அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்தில் லிஃப்ட் கிடைக்காது.